பெட்டி எடை கழித்து

என் பெண்டாட்டி கோமு யாரையும் நம்ப மாட்டாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அரசாங்கம் அவளுக்கு முப்பத்தோரு வருஷம் சம்பளம் கொடுத்ததே அதற்காகத்தான்.

தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தாள். கடைகளில் உள்ள தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். திருநெல்வேலி டவுனில் தொடங்கி விக்கிரமசிங்கபுரம் மில் வாசல் வரைக்கும் அவள் கால் படாத கடைத்தெரு கிடையாது. கடைக்காரர்கள் முத்திரையம்மா என்பார்கள். அவள் தெரு முனையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள் என்றால், அடுத்த முனையில் இருக்கும் கறிக்கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அதனால் அவள் முத்திரையம்மாவாகவே போவது குறைவு. நைந்த சேலையும் வயர்க்கூடையுமாக, சேரன்மகாதேவியிலிருந்து நெல் அறுப்பு முடிந்து வந்தவள் போலப் போவாள். கால் கிலோ இது, அரைக் கிலோ அது என்று வாங்கி, காசைக் கொடுத்து, சாமான் கைக்கு வந்த பிறகுதான் கூடைக்குள்ளிருந்து அரசாங்கத் தராசை எடுப்பாள். அதற்குச் சோதனைக் கொள்முதல் என்று பேர். வாங்குகிறவன் யார் என்று தெரியாதபோது ஒருவன் எப்படி நிறுக்கிறானோ அதுதான் அவனுடைய நிஜ எடை என்பாள்.

அவளுடைய பெரிய சண்டை பெட்டியோடுதான். ஒரு அல்வாக் கடையில் அரைக் கிலோ வாங்கினாள். பெட்டியோடு சேர்த்துச் சரியாக ஐநூறு கிராம். அல்வாவை வாழை இலையில் வழித்துப் போட்டுவிட்டு, வெறும் பெட்டியைத் தராசில் வைத்தாள். நாற்பத்திரண்டு கிராம்.

"அண்ணாச்சி, அட்டைய அல்வா வெலைக்கு விக்கியளா?" என்று கேட்டாள்.

"எம்மா, பெட்டிய நாங்களும் காசு குடுத்துத்தானே வாங்குதோம்?"

"அப்பம் பெட்டிக்குத் தனியா வெல சொல்லி வித்துக்கோங்க. பிரியப்பட்டவன் வாங்கிக்கிடட்டும். நெய்யும் சீனியும்னு சொல்லி அட்டைய விக்காதீங்க."

வழக்குப் போட்டாள். மறுமாதமே மேற்கே மாற்றல் வந்தது. தினமும் போக வர மூன்றரை மணி நேரம் பஸ். படிக்கல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தாள். ஒரு நாள்கூடப் புலம்பவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிற இனிப்புப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அனுப்புவதற்கு முன்னால் நிறுத்துப் பார்ப்பாள். "இனாமாக் குடுக்கதுலயும் இருபது கிராம் கொறையுது, பாத்தியளா" என்று சிரிப்பாள்.

வீட்டிலும் இதே பாடுதான். கேஸ் சிலிண்டரைக் கொக்கித் தராசில் மாட்டாமல் உள்ளே விட்டதில்லை. பால், பருப்பு, பழைய பேப்பர், எல்லாம் எடைக்குத் தப்பாது. நான் சிவசைலம், மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். கூட்டிக் கழித்துக் காட்டினாலும் என்னையும் ஒரு தடவை சரிபார்ப்பாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

பெண் பார்க்கப் போன அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்காள் மாப்பிள்ளை துபாயிலிருந்து கொண்டுவந்த தங்க முலாம் வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். சட்டைக் கையை ஒரு சுற்று மடித்து, வாட்ச் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று எங்களைப் பின்கட்டில் தனியே விட்டார்கள். அவள் கேட்ட முதல் கேள்வி, "மணி என்ன?"

பார்த்தேன். வாட்ச் எட்டு இருபதில் நின்றிருந்தது. வெளியே மதிய வெயில்.

"இது ஓடல. சும்மா காட்டுகதுக்குக் கட்டிட்டு வந்தேன்" என்றேன். வேறென்ன சொல்ல? மானம் போனது போனதுதான். அப்படியும் அவள் சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்று முப்பத்து நாலு வருஷம் நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

இனி என் காது. எனக்குக் காது கேட்கும். அதாவது, போன வருஷம் வரைக்கும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் சனத்தில் ஒரு கல்யாணம் பேசி முடிக்க வேண்டுமென்றால் என்னை முன்னால் உட்கார்த்துவார்கள். ரெண்டு பக்கமும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, நியாயமாக முடித்துவைப்பேன். காது மந்தமான ஆளை அங்கன யார் கூப்பிடுவார்கள்? எங்கள் தெருவிலேயே ஒருவர் காதுக்குப் பின்னால் மிஷின் மாட்டினார். மறுநாளே அவர் பேர் போயிற்று. 'செவிட்டு மிஷின்' என்றால்தான் தெரியும் என்று ஆகிவிட்டது. நான் மாட்டுவேனா?

அதற்கு மூன்று பதில்கள் வைத்திருந்தேன். யார் என்ன பேசினாலும் முகத்தைப் பார்ப்பேன். சிரித்தால் "சரி சரி." கவலையாக இருந்தால் "பாப்போம்." ரெண்டுங்கெட்டானாக இருந்தால் "அதுவும் சரிதான்." எந்தக் கேள்விக்கும் இந்த மூன்றில் ஒன்று பொருந்தும். ஒன்றரை வருஷம் இதை வைத்தே ஓட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன தையில் மகள் பிருந்தா வீட்டுக்குச் சென்னைக்குப் போயிருந்தோம். அவள் ஒரு கண்ணாடி மாளிகைக்குக் கூட்டிப்போனாள். கோமு காய்கறி எடை பார்க்கக் கீழ்த்தளத்திலேயே நின்றுவிட்டாள். மேல்தளத்தில் ஒரு கடை. சாமான் பத்துக்கூடத் தேறாது, விளக்கு மட்டும் ஐம்பது இருக்கும். அங்கேதான் அதைப் பார்த்தேன். காதில் சொருகுகிற சின்ன ஒலிக்கருவி, ரெண்டு குமிழ். பொன் வளையம் சுற்றியது. பெல்லாரினோ என்று இத்தாலி தேசத்துக் கம்பெனி. கைப்பை, செருப்பு தைத்துப் பேர் வாங்கின கம்பெனியாம். கோட்டு போட்ட விற்பனைப் பையன் என் காதில் சொருகி ஒரு பாட்டைப் போட்டான். எய்யா! மிருதங்கத்தில் விரல் படுகிற ஓசைகூடக் கேட்டது. பக்கத்தில் பேசுகிறவர்களின் குரலையும் எடுத்துக் கொடுக்கும் என்றான். விலை எழுபத்தெட்டாயிரம்.

எழுபத்தெட்டாயிரம் என்று கேட்டதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நம்பிக்கைதான் வந்தது. இவ்வளவு விலை சொல்கிறான் என்றால் சரக்கு இல்லாமலா சொல்வான்? அதைவிட, இதை மாட்டினால் யாரும் செவிட்டு மிஷின் என்று சொல்ல மாட்டார்கள். பெரிய மனுஷன் பாட்டுக் கேட்கிறான் என்பார்கள். பிருந்தா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வாங்கிவிட்டேன்.

திருநெல்வேலிக்கு வந்ததும் கோமு அதைப் பிரித்தாள். மரப்பெட்டி. அதற்குள் வெல்வெட்டுப் பை. பைக்குள் தோல் சுற்றி, பொன் பித்தான் வைத்த சின்னச் சிமிழ். சிமிழுக்குள் அந்த ரெண்டு குமிழ். நகைத் தராசை எடுத்து வந்து ஒவ்வொன்றாக வைத்தாள்.

"மரப்பெட்டி நானூத்திப் பன்னெண்டு. பை முப்பது. இந்தத் தோலுச் சிமிழு தொண்ணூத்தாறு. சரக்கு..." குமிழ்களை வைத்தாள். "ரெண்டும் சேந்து பதினோரு கிராம்."

"இது என்ன கத்திரிக்காயா, எடை போட்டு வாங்க?"

"தோலுப்பை தைக்கவனுக்குக் காதுல என்னங்க சோலி? இந்தப் பதினோரு கிராம அவன்தான் செஞ்சானா, வேற எவனும் செஞ்சதுக்கு மேல பேர மட்டும் ஒட்டுனானா?"

"ஒனக்கு எதத்தான் நம்பத் தெரியும்? கோட்டி பிடிச்சவ மாதிரி எப்பப் பாத்தாலும் தராசும் கையுமா!"

அவள் தராசை ஓரமாக வைத்தாள். சரக்கை மட்டும் என் கையில் கொடுத்தாள். பெட்டி, பை, தோல் சிமிழ் எல்லாவற்றையும் சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று நானும் விட்டுவிட்டேன். தினசரிப் புழக்கத்துக்குக் குமிழ்களைப் போட்டுவைக்க ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழைத் தந்தாள். வெள்ளிக் கிண்ணத்தைப் பூட்டிவைத்துவிட்டு எவர்சில்வரில் சாப்பிடுகிற வீடுதானே எங்கள் வீடு.

முதல் ரெண்டு நாள் உண்மையிலேயே கேட்டது. அடுப்படியில் கரண்டி விழுகிற சத்தம், குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் எல்லாம் காதுக்கு வந்தது. எனக்கு நிலை கொள்ளவில்லை. கோமுவைக் கூப்பிட்டு, "ஏட்டி, தண்ணி சொட்டுகது கேக்குது. நீ மெதுவாப் பேசினாலும் கேக்கும். இப்பம் என்ன சொல்லுத?" என்று அடித்துப் பேசினேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கேட்டாச் சரி" என்றாள்.

மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. நாலாம் நாள் ஒன்றுமே இல்லை. காது பழகிவிட்டது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடித்துப் பேசியாயிற்று, இனி எந்த முகத்தோடு கேட்கவில்லை என்பது? என்னுடைய மூன்று பதில்களுக்குத் திரும்பினேன்.

ஆனால் வெளியே அதற்கு இருந்த மவுசு! பாளையங்கோட்டையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். தங்கச்சி மகன் குமரவேல் என் காதை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, இது பெல்லாரினோல்லா?" என்று கூவினான். நாலு பையன்கள் சுற்றிக்கொண்டார்கள். அவன் வாயசைப்பிலும் கண் விரிந்ததிலும் தெரிந்துகொண்டேன். சத்தமாக எதுவும் கேட்கவில்லை. "சரி சரி" என்று சிரித்தேன். அன்றைக்கு என்னை மேடைப் பக்கம் முன் நாற்காலியில் உட்கார்த்தினார்கள். எழுபத்தெட்டாயிரம் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி பிறந்ததும் கோமுவின் போக்கு மாறியது. செவ்வாய்க்கிழமை காலையில் மஞ்சள் பையோடு கிளம்புவாள். மத்தியானம் தாண்டி வருவாள். எங்கே என்று சொல்வதில்லை. வந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாடு போடுவாள், தட்டை எடுப்பாள். முப்பத்து நாலு வருஷத்தில் அவள் என்னிடம் மல்லுக்கு நிற்காத நாள் கிடையாது. இப்போது அந்தச் சண்டையும் இல்லை.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்குத்தான் வரும் என்று இல்லையே. பீரோவைத் திறந்து பார்த்தேன். மரப்பெட்டி இருந்தது, தோல் சிமிழைக் காணோம். சரிதான், என் சாமான் போலி என்று நிரூபிக்க வேவு பார்க்கிறாள். எங்கேயோ கொண்டுபோய்ச் சோதனை பண்ணுகிறாள். ஒரு நாள் நாலு பேர் முன்னால் எடுத்துவைத்து என் மானத்தை வாங்கப் போகிறாள். உத்தியோகம் போனாலும் புத்தி போகவில்லை, சவம்! இப்படி எண்ணி எண்ணி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் எங்கே கொண்டுபோவாள் என்று எனக்குத் தெரியும். வண்ணார்பேட்டையில் முகம்மது இப்ராஹிம் செல்போன் பழுது பார்க்கிறான். அவனுடைய வாப்பாவின் கறிக்கடைத் தராசை ஒரு காலத்தில் கோமு பறிமுதல் செய்திருக்கிறாள். அதிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அவள் மேல் அப்படி ஒரு மரியாதை. கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கிளம்பி அரை மணி நேரம் கழித்து, குமிழ்களைக் காதில் சொருகிக்கொண்டு நான் நேரே அவன் கடைக்குப் போய் நின்றேன். கோமுவை அங்கே காணோம்.

இப்ராஹிம் என்னவோ சொன்னான். ரோட்டில் பஸ்கள். "சரி சரி" என்றேன். அவன் மறுபடியும் என்னவோ கேட்டான். "பாப்போம்" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு எழுந்து வந்து, என் காதிலிருந்து ரெண்டு குமிழ்களையும் பைய எடுத்தான். அவற்றை மேஜை மேல் இருந்த தோல் சிமிழுக்குள் வைத்தான். எங்கள் பீரோவில் காணாமல் போன அதே சிமிழ். சிமிழின் அடியில் ஒரு வயரைச் சொருகினான். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

காதருகே வந்து உரக்கச் சொன்னான். "சார், இது வெறும் டப்பா இல்ல. இதுதான் சார்ஜர். இதுக்குள்ள வச்சாத்தான் உசிரு வரும். நீங்க எம்புட்டு நாளா இப்படிப் போட்டுட்டுத் திரியுதீங்க?"

கணக்குப் போட்டேன். ரெண்டு மாசம் ஆகப்போகிறது. ரெண்டு மாசமாக நான் காதில் தங்க மூடி போட்டு அடைத்துக்கொண்டு நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். இருந்த கொஞ்சநஞ்சக் காதும் அதனால் போயிருந்தது.

"மேடம் போன வாரம் இந்தச் சிமிழக் கொண்டாந்து, இதுல என்ன இருக்கு, இம்புட்டுக் கனக்குதேன்னு கேட்டாங்க. தொறந்து பாத்தேன். இத எவன் செஞ்சு குடுத்தானோ அவனே ஒம்பதாயிரத்துக்குப் பேரில்லாம விக்கான் சார். உள்ள இருக்கது அச்சு அசல் ஒண்ணுதான். மேல தோலும் பேரும்தான் வேற. பாட்டு கேக்க நல்ல சாமான். ஆனா சார்ஜ் இருந்தாலும் இது கொஞ்சந்தான் ஒத்தாசை செய்யும். உங்க காதுக்கு டாக்டர் அளவெடுத்துக் குடுக்க மிஷின்தான் வேணும்."

"இது சார்ஜர்னு அவகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன் சார். கேட்டதும் அப்படியே உக்காந்துட்டாங்க. 'அப்பம் இவுகளுக்கு இத்தன நாளாக் கேக்கலியா'ன்னு ஒரு தடவதான் சொன்னாங்க. சிமிழக்கூட எடுக்காமப் போயிட்டாங்க." அவன் தயங்கினான். "அது இருக்கட்டும் சார். மேடத்துக்கு ரிசல்ட் இன்னைக்குத்தானே?"

"என்ன ரிசல்ட்?"

அவன் முகம் மாறியது. பிறகு பழுதுபார்க்கும் ரசீதுப் புத்தகத்தை இழுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதி என் முன்னால் தள்ளினான். மார்பில் கட்டி. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறது. ஜமீலா ஆஸ்பத்திரியில் பார்த்தாள்.

ஜமீலா பீவி அவன் மனைவி. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ரசீதில் 'பழுது விவரம்' என்று அச்சடித்த வரிக்குப் பின்பக்கத்தில்தான் அவன் அதை எழுதியிருந்தான். நான் அதை ரெண்டு தடவை வாசித்தேன். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார்" என்று இப்ராஹிம் சொன்னது நன்றாகவே கேட்டது. ஆட்டோ பிடித்து அவனே என்னை ஏற்றிவிட்டான்.

ஆஸ்பத்திரி நடையில் நீளமான பெஞ்சு. கடைசியில் கோமு உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. படிக்கல் பெட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாளே, அதே மாதிரி ரெண்டு கையாலும் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"என்னட்டச் சொல்லணும்னு ஒனக்குத் தோணலியா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவள் என் காதைப் பார்த்தாள். குமிழ் இல்லை. என் தோளை இழுத்து, காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"சொன்னேனே."

"எப்பம்?"

"மாசி கடைசில. நீங்க ஜன்னலண்ட பேப்பர் படிச்சிட்டு இருந்தீய. நான் துணி மடிச்சிட்டே சொன்னேன். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. இந்த மாதிரிக் கட்டி ஒண்ணு இருக்கு, டாக்டரம்மா டெஸ்டு எடுக்கணுங்காக, பயமா இருக்கு, நீங்க கூட வாரியளா, இல்ல நான் தனியாப் போகட்டான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

அவள் மஞ்சள் பையின் வாரை விரலில் சுற்றினாள். பிறகு சொன்னாள்.

"அதுவும் சரிதான்னு சொன்னீய. சொல்லிட்டுப் பேப்பரத் திருப்பிட்டீய."

அடப் பாவி சிவசைலம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"தண்ணி சொட்டுகதே கேக்குதுன்னு அடிச்சுச் சொன்னீயளே. அப்பம் இதும் கேட்டிருக்கும்னுதானே நான் நெனப்பேன்? ரெண்டாந்தடவ சொல்ல எனக்கு வாய் வரல. இப்ராஹிம் சொன்ன பெறவுதான் சந்தேகமே வந்துச்சு. காது கேக்காமச் சொன்னீயளா, கேட்டுட்டே சொன்னீயளான்னு."

"கேட்டிருக்கலாமே, கோமு! ஊரு தராசையெல்லாம் சோதிச்சவ, பின்னால நின்னு ஒரு வார்த்த சொல்லிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே!"

"பாக்கப் பயமா இருந்துச்சு" என்றாள். "உங்களுக்குக் கேட்டிருந்துச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

எத்தனை கடைக்காரர்கள் அவளை மிரட்டியிருக்கிறார்கள். ஒருவன் தராசுத் தண்டை ஓங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. என்னுடைய மூன்று பதில்களில் ஒன்றை வைத்துக்கொண்டு நாலு செவ்வாய்க்கிழமை இந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"பெட்டிய நான்தான் பூட்டி வச்சேன்" என்றாள். "வெறும் பெட்டின்னு கழிச்சுட்டேன். முப்பத்தோரு வருசத்துல அந்த ஒரு பெட்டிதான் சரக்கா இருந்திருக்கு. எம் மேலயும் தப்பு."

"சவத்தத் தள்ளு. அது ஓடினாலும் ஓடாட்டாலும் எனக்குக் கேக்கலன்னு நான் சொல்லியிருக்கணும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சற்று விலகி உட்கார்ந்து, சாதாரணக் குரலில் எதையோ சொன்னாள். உதடு அசைந்தது. நடையில் ஸ்ட்ரெச்சர் போகிற சத்தம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது; இது சோதனைக் கொள்முதல்.

"கேக்கல கோமு" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. மறுபடியும் என் காதோடு வந்தாள்.

"அன்னைக்கு வாச்சு ஓடலன்னு சொன்னீய பாத்தியளா, பின்கட்டுல. அதுக்காகத்தான் சரின்னேன். அதுக்கு முன்ன என்னைப் பாக்க வந்த நாலு பேரும் பொய்தான் சொன்னாக."

அதற்குள் நர்ஸ் வாசலில் வந்து நின்று பேர் வாசித்தாள். எனக்குக் கேட்கவில்லை. கோமு எழுந்ததைப் பார்த்து நானும் எழுந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டரம்மா முகக்கவசம் போட்டிருந்தாள். உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. மேஜைக்கு அந்தப்பக்கம் ஒரு தாளைப் புரட்டி, கோமுவைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து என்னவோ சொன்னாள். கண்ணை வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கோமு அப்படியே உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா பதிலுக்காக என்னைப் பார்த்தாள். அறையில் ரெண்டு நர்சுகள். வாசலில் திரையை விலக்கிக்கொண்டு அடுத்த நோயாளியும் அவர் வீட்டுக்காரரும் நின்றார்கள். எங்கள் சனம்தான், எனக்குத் தெரிந்த முகம்.

அதுவும் சரிதான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"டாக்டர், எனக்குக் காது கேக்காது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், நடை வரைக்கும் கேட்டிருக்கும். "கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க."

டாக்டரம்மா கவசத்தை இறக்கிவிட்டு, மேஜைக்கு இந்தப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "கெட்ட கட்டி இல்ல. வெறும் கொழுப்புக் கட்டி. பயப்பட ஒண்ணுமே இல்ல."

எனக்குக் கேட்டது. முழுவதும் கேட்டது. எழுந்து நின்று கும்பிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோமுவைப் பார்த்தேன். அவள் டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா" என்றாள். "சீலும் வேணும்."